செட்டு எங்கிட்டு இருக்கு?

ஒரு ஊர்ல ஒரு தேங்கா உரிக்கிறவன் இருந்தான், தாயி. பெரிய ஊரெல்லாம் இல்ல. சுத்தித் தென்னந்தோப்பு, நடுவுல நாலு தெரு, மேக்கால ஒரு செல்போன் டவரு, அம்புட்டுத்தான். அவன் பேரு ஒச்சு. காலைல தோப்புக்குப் போவான், கூர்க் கம்பிய மண்ணுல குத்தி நிப்பாட்டுவான், தேங்காயத் தூக்கி அதுமேல ஒரு குத்து, சரக். ஒரு திருகு, பொரக். மட்டை அங்கிட்டு, தேங்கா இங்கிட்டு. சரக், பொரக். சரக், பொரக். நாளெல்லாம் இதான் சத்தம். கேக்குறியா? ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அந்த ஒச்சுக்கு ஒரு குணம். யாராவது அவன ஒரு வார்த்தை சொல்லிட்டா மறக்கவே மாட்டான். ஒண்ணாப்புல அவன் சிலேட்ட ஒருத்தன் ஒடச்சானே, அவன் பேரு இன்னைக்கும் ஞாபகம் இருக்கும். ஞாபகம் வச்சிருக்கிறது ஒண்ணும் தப்பில்ல தாயி. மறந்து தொலைக்கிறவனத்தான் திரும்பத் திரும்ப ஏமாத்துவாங்க. சரி, அத விடு.

அப்போ, அவனுக்கு ஒரு மாமன் இருந்தாரு. அவன் அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. சுருளி மாமன்னு பேரு. அவருக்கு ஒரு மகன், ஒரு மக. மகன் ஈஸ்வரன் மெட்ராசுக்குப் போயிட்டான். மக பாண்டிமீனா வீட்டுல தையல் மிசின் வச்சிருந்தா. கடகடகடகடன்னு ஓட்டுவா. ஒச்சுக்கும் அவளுக்கும் சின்னதுல இருந்தே புடிக்கும். ஊருக்கே தெரியும்.

அப்புறம் ஒருநாள் ஒச்சுவோட அம்மா, வெத்தல பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் பூவு, எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சுக்கிட்டு, மகனையும் கூட்டிக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் பொண்ணு கேக்கப் போனாங்க. மாமன் உக்காந்திருந்தாரு. அக்கா நின்னாங்க. "உக்காருக்கா"ன்னு அவரு வாயில வரல. இந்த மாதிரி ஆளு ஒருத்தரு நம்ம சொந்தத்துலயும் இருக்காரு. பேரு வேணாம். உங்க அம்மாவுக்குத் தெரியும்.

மாமன் மீசைய நீவிக்கிட்டே சொன்னாரு. "அக்கா, என் மூத்தவன் மெட்ராஸ்ல செட்டில் ஆயிட்டான். இப்ப பாண்டிமீனாவுக்கு வர்ற பெங்களூர் மாப்ளையும் செட்டில் ஆனவருதான். உன் மகன் இன்னும் மட்டை உரிச்சுக்கிட்டு நிக்கிறான். டேய் மாப்ள, நீயும் செட்டில் ஆயிட்டு வா. அப்புறம் வந்து பொண்ணு கேளு."

ஒச்சு தட்டத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தான். வர்ற வழியெல்லாம் யோசிச்சான். 'மதுரையில் இருக்கான்னா ஊரு மதுரை. கம்பத்தில் இருக்கான்னா ஊரு கம்பம். செட்டில் ஆயிட்டான்னா? ஊரு பேரு செட்டு. மெட்ராசுக்குப் பக்கத்துல எங்கயோ இருக்கும் போல. நல்ல ஊரா இருக்கணும், இல்லாட்டி இந்த மாமன் இம்புட்டுப் பீத்திக்க மாட்டாரு. அங்க போயிட்டு வந்தாப் பொண்ணு குடுப்பேங்கிறாரு. அவ்வளவுதான, போயிட்டு வந்துட்டாப் போச்சு.'

சிரிக்கிறியா? சிரி, சிரி. அவனுக்கு நெசமாவே அப்படித்தான் வெளங்குச்சு.

பாண்டிமீனாகிட்டப் போனான். மிசின் கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"என்ன, மூஞ்சி தொங்குது?"ன்னா.

"உங்கப்பா என்னயச் செட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டாரு."

மிசின் நின்னுச்சு. "எங்க?"

"செட்டுக்கு. உங்கண்ணன் இருக்காருல்ல, அந்த ஊரு."

"அது ஊரா?"

"பின்ன? ஊர்ல எல்லாரும் அவன் செட்டில் ஆயிட்டான், இவன் செட்டில் ஆயிட்டான்னு சொல்லலையா? ஊரு இல்லாம ஆளு எங்க போயி ஆவான்?"

அவ நூலப் பல்லுல கடிச்சு அறுத்தா. "தெரியல ஒச்சு. எங்கப்பா சொல்றப்பெல்லாம் நானும் தலைய ஆட்டுவேன், அர்த்தம் கேட்டதில்ல. ஊரா இருந்தாலும் இருக்கும். ஆனா வெரசா வந்துரு. அந்தப் பெங்களூர்க்காரங்க பூ வைக்க வரப் போறாங்க. பூ வச்சிட்டாங்கன்னா முடிஞ்சுது, அப்புறம் நீ எந்த ஊருக்குப் போயிட்டு வந்தும் பிரயோசனமில்ல."

அப்புறம் உள்ள போயி, புளிச்சோறு கிண்டி, வாழை எலையில வச்சுப் பொட்டலமாக் கட்டிக் குடுத்தா. "வழியில சாப்புடு"ன்னா. ஒச்சு வாங்கி மடியில வச்சான். 'வழியில எதுக்குத் திங்கணும்? செட்டுக்குப் போயிச் சேந்து, நல்லாக் கால நீட்டி உக்காந்து, நிம்மதியாச் சாப்புடலாம்'னு நெனச்சுக்கிட்டான்.

ம் சொல்லு.

ம்.

பஸ்சு வந்துச்சு. பாம், பாம், பாம். ஏறி உக்காந்தான். கண்டக்டர் வந்தாரு, "எங்கப்பா போகணும்?"

"செட்டுக்கு ஒரு டிக்கெட்டு."

"எந்த செட்டு? பம்பு செட்டா, சினிமா செட்டா, பல்லு செட்டா?"

பஸ்சே சிரிச்சுச்சு. ஒரு பாட்டையா மட்டும் சிரிக்கல, அவருக்குப் பல்லு செட்டு. ஒச்சு சிரிச்ச மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாத்து மனசுல வச்சுக்கிட்டான். கண்டக்டர் மூஞ்சிய ரெண்டு தடவ பாத்து வச்சுக்கிட்டான். அப்புறம் மதுரைக்கு டிக்கெட் வாங்கினான். மதுரையில இருந்து மெட்ராஸ் பஸ்சு, சர்ர்ர்ர்ன்னு போயி எறக்கி விட்டுருச்சு.

அங்க ஒரு ஆட்டோக்காரர். "செட்டுக்குப் போகணுங்க"ன்னான். "சேத்துப்பட்டா? ஏறு"ன்னுட்டாரு அவரு. டுர்ர்ர்ருன்னு கொண்டுபோய் விட்டா, ஒரே கூட்டம், ஒரே ஆரன் சத்தம். ஒருத்தன் மூஞ்சியிலயும் நிம்மதி இல்ல. 'இது அந்த ஊரா இருக்காது'ன்னு ஒச்சு, பாண்டிமீனா எழுதிக் குடுத்த அட்ரஸ் சீட்ட எடுத்து, கேட்டுக் கேட்டு ஈஸ்வரன் வீட்டுக்கே போயிட்டான்.

வீடு மேல எங்கயோ இருக்கு. லிப்டு ஏறினான். டிங்ன்னுச்சு. கதவு தெறந்துச்சு. அப்போ பாத்தா வீடு முழுக்க அட்டப்பெட்டி. கூடத்துல ஒரு தேக்கு ஊஞ்சல், மேலெல்லாம் பிளாஸ்டிக் தாள் சுத்தி, செவுத்துல சாச்சு வச்சிருக்கு. ஈஸ்வரன் ஒரு காதுல போனு, மடியில கம்ப்யூட்டரு. அவன் சம்சாரம் இன்னொரு ரூம்ல, அவளுக்கும் அதேதான். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசிக்கிறதுகூட அந்தப் போனுலதான். டிங், "காபி வேணுமா?" டிங், "வேணாம்."

"வா மாப்ள, எப்ப வந்த?"ன்னான் ஈஸ்வரன், கண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கு.

"இப்பத்தான் மச்சான். இதுதானா செட்டு?"

"எது?"

"நீங்க செட்டில் ஆயிட்டீங்கன்னு மாமா சொன்னாரு."

ஈஸ்வரன் சிரிச்சான். இருமுற மாதிரி ஒரு சிரிப்பு. "நானா? அப்பா சொல்லுவாரு. இல்ல மாப்ள, இன்னும் போக வேண்டிய தூரம் நெறைய இருக்கு. இதவிடப் பெரிய வீட்டுக்குப் போகணும். அங்க போனதுக்கப்புறம்தான் இந்தப் பெட்டியெல்லாம் பிரிக்கணும்."

"ஊஞ்சலு?"

"அதுவும் அங்கதான். செட்டில் ஆனதும் மாட்டணும். கல்யாணத்துக்கு வந்தது."

"இப்ப மாட்டுனா என்ன?"

"கழட்டணும்ல."

ஒச்சுக்கு ஒண்ணும் புரியல. அப்போ ஈஸ்வரன் சம்சாரம் எட்டிப் பாத்தா. "அண்ணே, இவரோட மேனேஜர் இருக்காருல்ல, அவருதான் செட்டில் ஆனவரு. கடல் ஓரத்துல வீடு. இந்தப் பை அவரு வீட்டுக்குக் குடுக்க வேண்டியது, நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டுக் கேட்டுக்கங்க."

சரின்னு போனான். வயிறு பசிச்சுச்சு. மடியத் தடவிப் பாத்தான். 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குவோம், செட்டுக்குப் பக்கத்துல வந்துட்டோம்'னு தண்ணியக் குடிச்சுக்கிட்டான்.

ம்.

மேனேஜர் வீடுன்னா வீடு, தாயி. கேட்டு தன்னால தெறக்குது, க்ரீச். நாயி கொலைக்குது, வள் வள். பின்னால கடலு, ஹோன்னு சத்தம் போடுது. மேனேஜர் நல்ல மனுசன். "வாங்க, உக்காருங்க"ன்னு சொன்னாரு. ஒச்சு அதையும் மனசுல வச்சுக்கிட்டான். நல்லதையும் வச்சுக்கணும்ல.

"அய்யா, செட்டுங்கிறது இதுதானுங்களா?"

"என்னது?"

"நீங்க செட்டில் ஆனவருன்னு சொன்னாங்க."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "யாரு, நானா? நாங்க கனடா போகப் போறோம்பா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. பேப்பர் வந்துட்டாக் கெளம்ப வேண்டியதுதான். அங்க போனாத்தான் செட்டில்."

ஒச்சு சன்னலுக்கு வெளிய பாத்தான். "கடலு நல்லா இருக்குதுங்க. தெனம் போயிக் குளிப்பீங்களா?"

அவரு கடலத் திரும்பிப் பாத்தாரு. யாரோ புதுசா வந்த ஆளப் பாக்குற மாதிரிப் பாத்தாரு. "எங்கப்பா நேரம்? வந்ததுல இருந்து இன்னும் கால்கூட நனைக்கல. எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும்னு இருக்கேன்."

ஒச்சுக்குத் தல சுத்துச்சு. "அந்தக் கனடாங்கிறது செட்டுக்குப் பக்கமுங்களா?"

"எனக்கும் தெரியலப்பா"ன்னாரு அவரு, மெதுவா. "பக்கத்து வீட்டுப் பெரியவரு அங்க இங்கன்னு பல நாட்டுல இருந்துட்டு, போதும்னு திரும்பி வந்துட்டாரு. அவரு செட்டில் ஆனவரு. அவரக் கேளு."

அப்புறம் பக்கத்து வீடு. அது இன்னும் பெரிசு. செவுத்துல சுச்சுங்க மட்டும் ஒரு பலகை நெறைய. பெரியவரு ஒருத்தரு தனியா சோபாவுல உக்காந்திருந்தாரு. பக்கத்துல போனு. அது அடிக்குமான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அய்யா, நீங்க செட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களாமே?"

"எங்க போயிட்டு?"

ஒச்சுக்குப் பொறுமை போயிருச்சு. மாமன் சொன்னதுல ஆரம்பிச்சு, பொண்ணு, பூ, பஸ்சு, ஊஞ்சலு, கடலு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டான். பெரியவரு சிரிக்கல. தலைய மட்டும் ஆட்டினாரு.

"நான் எங்க தம்பி செட்டில் ஆனேன்? மகன் ஒரு நாட்டுல, மக ஒரு நாட்டுல. அவங்களுக்கு ஒரு வழி பொறந்துட்டா நான் செட்டில். நீ எந்த ஊரு?"

ஒச்சு ஊரு பேரச் சொன்னான்.

"அடடே, தென்னந்தோப்பு ஊராச்சே. அங்க ஒரு தோப்ப வாங்கிப்போட்டு, கயித்துக்கட்டில் போட்டுப் படுத்துட்டா, அதுதான் தம்பி செட்டில்."

ஒச்சு அவரையே பாத்தான். "எங்க ஊருலயா? அங்க கொசு இருக்குங்க. கரண்டு நிக்காது. அங்க எங்க மாமன் இருக்காருங்க. அவரு இருக்கிற எடத்துல எப்படிங்க நிம்மதியாப் படுக்கிறது? அங்கருந்துதான என்னய இங்க வெரட்டி விட்டாங்க?"

பெரியவரு யோசிச்சாரு. "அப்ப எனக்குத் தெரியல தம்பி"ன்னாரு. அந்நேரம் போனு கிணிகிணின்னு அடிச்சுது. பாஞ்சு எடுத்தாரு. யாரோ வெளம்பரக்காரன். வச்சிட்டாரு.

ம் சொல்லுறியா, தூங்கிட்டியா?

ம்.

ஒச்சு வெளிய வந்தான். ரோட்டோரத்துல ஒரு மரத்தடி. உக்காந்தான். பசி கண்ண அடைக்குது. 'செட்டாவது மண்ணாவது, இங்கயே சாப்புடுவோம்'னு மடியில இருந்த பொட்டலத்தப் பிரிச்சான். பிரிச்சா, குப்புன்னு ஒரு வாடை. புளிச்சோறுதான், ஆனாலும் எத்தன நாளைக்குத் தாங்கும்? வெயிலுல, வேர்வையில, மடியிலயே கெடந்து கெடந்து, ஊசிப் போச்சு. தொட்டா நூலு நூலா வருது. கடலையெல்லாம் கொழகொழன்னு. பாண்டிமீனா பாத்துப் பாத்து வறுத்துப் போட்ட கடலை.

ஒச்சுக்கு அழுகை வந்துருச்சு. தேம்பித் தேம்பி அழுதான். சோத்துக்காக அழுதானா, எதுக்கு அழுதானோ, அவனுக்கே வெளங்கல. அப்போ திடீர்னு நெஞ்சுல ஒண்ணு சுருக்குன்னுச்சு. 'அய்யய்யோ, பூ வச்சிருப்பாங்களே. நான் இங்க ஊரு தேடிக்கிட்டு இருக்கேன், அங்க அவளக் கொண்டுபோயிருவாங்களே.'

எந்திரிச்சான். ஓடுனான். பஸ்சு, அப்புறம் பஸ்சு, அப்புறம் ஒரு தேங்கா லாரி, அப்புறம் நடை. தபதபதபன்னு ஊருக்குள்ள வந்தா, மாமன் வீட்டு வாசல்ல ரெண்டு காரு நிக்குது. உள்ள ஒரே கூட்டம். பாயி விரிச்சிருக்கு. பெங்களூர் மாப்ள நடுவுல, சட்டை மடிப்புக் கலையாம. பாண்டிமீனா தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கா. மாப்ளையோட அம்மா தட்டுல இருந்து பூவக் கையில எடுத்துட்டாங்க. ஒச்சுவோட அம்மாவும் ஒரு மூலையில உக்காந்திருந்தாங்க. தம்பி வீட்டு விசேசம், வராம இருக்க முடியுமா?

ஒச்சு வாசப்படியில நின்னான். தலையெல்லாம் தூசி.

மாமன் பாத்துட்டாரு. அவரால சும்மா இருக்க முடியுமா? "வாங்க மாப்ள, வாங்க. என்ன, செட்டில் ஆயிட்டீங்களா?"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிக் கேட்டாரு.

கூட்டம் சிரிச்சுது.

"இல்ல மாமா. ஆகல. அந்த ஊரு எங்க இருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்க மகன் அங்க இல்ல. அவருக்கு மேல உள்ளவரு, அவரும் இல்ல. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரு, அவரும் இல்ல. எல்லாரும் இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"ஊரா?"ன்னாரு மாமன். "டேய் கூமுட்ட, செட்டிலுங்கிறது ஊரு இல்லடா. அது வந்து... ஒரு நல்ல வேலையில உக்காந்துடறது."

மாப்ளையோட அப்பா குறுக்க வந்தாரு. "வேலை மட்டும் இருந்தா எப்படிங்க? சொந்த வீடு வேணும். அப்பத்தான் செட்டில்."

"வீடு எனக்குந்தான் மூணு இருக்கு"ன்னாரு மாப்ளையோட பெரியப்பா. "ஒரு வீட்டுலயாவது தூக்கம் வருதா? மாத்திர போடணும். நான் செட்டில்னு சொல்ல முடியாது."

"புள்ளைங்களுக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆனாத்தான செட்டில்?" இது மாப்ளையோட அம்மா, பூவக் கையில வச்சுக்கிட்டே.

"கல்யாணம் ஆச்சுன்னா முடிஞ்சுதா? பேரன் பேத்தி வேணாமா?"

கசமுச கசமுசன்னு ஆயிருச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்கு ஒத்து வரல. ஒச்சு நேரா அந்த மாப்ளகிட்டப் போயி, பக்கத்துல குத்தவச்சு உக்காந்தான். கிண்டலுக்கு இல்ல தாயி, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டான். "நீங்க சொல்லுங்க. நீங்க அங்கருந்துதான வர்றீங்க? எப்படி இருக்கும் அது?"

அந்தப் பையன் அவங்க அம்மாவப் பாத்தான். அப்பாவப் பாத்தான். அப்புறம் தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னான். "தெரியலைங்க. நான் அடுத்த வருசம் ஆயிடுவேன்னு நெனைக்கிறேன். போன வருசமும் அப்படித்தான் நெனச்சேன்."

பல்லி ஒண்ணு மட்டும் ச்சு, ச்சுன்னுச்சு.

அப்போ பாண்டிமீனா தலைய நிமுத்தினா. "அப்பா, நீ ஆயிட்டியா?"

மாமன் மீசைய நீவினாரு. "எனக்கென்ன? உன்ன ஒரு நல்ல எடத்துல தள்ளிவிட்டுட்டா, நானும் செட்டில்."

"அம்புட்டுத்தான?"ன்னா. எந்திரிச்சா. மாப்ள வீட்டுத் தட்ட அவ தொடல. தன் தலையில வச்சிருந்த மல்லியப்பூவ உருவினா. மூலையில இருந்த அத்தகிட்டப் போனா. மண்டி போட்டு உக்காந்து, தலையத் திருப்பிக் காட்டினா. "அத்த, இத நீங்க வச்சு விடுங்க. இங்க இருக்கிற ஆளுங்கள்ல அந்த எடம் எங்க இருக்குன்னு நேர்ல போயிப் பாத்துட்டு வந்தது இவன் ஒருத்தந்தான். மத்தவங்க எல்லாம் யாரோ சொன்னதக் கேட்டுச் சொல்றாங்க."

அத்த தம்பிய ஒரு பார்வ பாத்தாங்க. எத்தன வருசத்துப் பார்வையோ. அப்புறம் பூவ வாங்கி, நிதானமா, கொண்டை ஊசி குத்தி, வச்சு விட்டுட்டாங்க.

வச்சது வச்சதுதான். பூ வச்சிட்டா எடுக்க மாட்டாங்க, அது நம்ம பக்கத்து வழக்கம். மாமன் குதிச்சாரு. தாம் தூம்னாரு. மாப்ள வீட்டுக்காரங்க படபடன்னு கார்க் கதவச் சாத்தினாங்க. அந்தப் பையன் மட்டும் ஒச்சுகிட்ட வந்து, யாருக்கும் கேக்காம, "அந்த எடம் தெரிஞ்சா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போனான். பாவம்.

அப்புறம் கல்யாணம் நடந்துச்சு. டும் டும் டும். மாமன் வந்தாரு, சாப்பிட்டாரு, பேசல. ஒச்சுவும் பேசல. ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறது இல்ல. பேசணும்னு என்ன இருக்கு?

ஒச்சு மட்டை உரிச்சான், சரக், பொரக். அவ மிசின் ஓட்டினா, கடகடகட. ஒருநாள் சண்ட, ஒருநாள் சமாதானம். ஒருநாள் கறிக்கொழம்பு, ஒருநாள் வெறும் ரசம். இப்படியே போச்சு. ஒரு சாயங்காலம் நல்ல மழை. தகரக் கூரையில சடசடசடன்னு கொட்டுது. ரெண்டு பேரும் உள்ள உக்காந்து சுட்ட சோளம் தின்னுக்கிட்டு இருந்தாங்க. அவ அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல கேட்டா.

"ஒச்சு, இப்ப நாம எங்க இருக்கோம்? செட்டுலயா?"

அவன் யோசிச்சான். எந்திரிச்சு மழையில வெளிய போனான். தெருவ இந்தக் கோடி வரைக்கும் பாத்தான், அந்தக் கோடி வரைக்கும் பாத்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு உள்ள வந்தான்.

"தெரியல புள்ள. போர்டு ஒண்ணும் காணோம்."

அவ துண்ட எடுத்து அவன் தலையத் தொவட்டி விட்டா.

என்ன? அவங்க செட்டுல இருக்காங்களா இல்லையான்னு என்னயக் கேட்டா? எனக்கு எப்படித் தாயி தெரியும்? நான் படிச்சவனா? உங்கப்பன் படிச்சவன், காலைல அவனக் கேளு. அவன் போன கீழ வச்சான்னா கேளு. கதை படுத்துருச்சு, போர்வைய இழுத்துக்க, நீயும் கண்ண மூடு.